சோலாரில் ஓடும் வயர்லெஸ் நிலையம்: எங்கே தவறு நடக்கிறது?

மின்கம்பி எட்டாத இடத்தில் ஒரு வயர்லெஸ் ரிலே (சிக்னலை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் நிலையம்) வைக்க ரேடியோ, சோலார் பேனல், பேட்டரி, பேட்டரி நிரம்புவதையும் தீர்வதையும் கட்டுப்படுத்தும் சார்ஜ் கண்ட்ரோலர், மழை புகாத பெட்டி இருந்தால் போதும். ஆனால் வெயில் மாதத்தில் குறையில்லாமல் ஓடிய நிலையம், நாலு நாள் மூட்டம் போட்டதும் படுத்துவிடுகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கணக்கை நல்ல நாளுக்குப் போட்டிருப்பார்கள். வருடத்தின் மிக மோசமான வாரத்துக்குப் போட்டிருக்க வேண்டும்.

ரேடியோ 8 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சின்ன எண்தான், ஆனால் இரவும் பகலும் ஓடுவதால் ஒரு நாளைக்கு 192 வாட்-மணி. 12 வோல்ட் பேட்டரியில் இது 16 ஆம்பியர்-மணி. வெயிலே இல்லாமல் மூன்று நாள் தாங்க 48 ஆம்பியர்-மணி வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் 100 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை 80 சதவீதம் வரை பயன்படுத்தலாம், அதனால் 60 ஆம்பியர்-மணி போதும்.

சரி, பேனல்? அதன் மேல் எழுதியிருக்கும் வாட், சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சமும் செல்லின் சூடு 25 டிகிரியும் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. பகல் 12 மணி நேரம் என்பதற்காக 12-ஆல் பெருக்கவே கூடாது. மோசமான மாதத்தில் முழு வெயிலுக்குச் சமமாகக் கிடைப்பது 3 மணி நேரம் என்றால், சூடு, தூசி, கம்பி இழப்பு எல்லாம் போக 100 வாட் பேனல் சுமார் 210 வாட்-மணி தரும். அன்றைய செலவுக்கு அது சரியாய்ப் போய்விடும். காலியான பேட்டரியை நிரப்ப எதுவும் மிஞ்சாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ஓடுவதற்கு மட்டும் கணக்குப் போடுகிறார்கள், மீள்வதற்குப் போடுவதில்லை. 200 வாட் வைத்தால் மூட்டம் விலகி மூன்று நாளில் பேட்டரி பழைய நிலைக்கு வந்துவிடும். பேனலில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர், அதிலிருந்து அடாப்டர், அப்புறம் ரேடியோ என்று இணைப்பதும் வீண். சும்மா இருக்கும்போதே இன்வெர்ட்டர் ரேடியோ அளவுக்கு மின்சாரம் தின்னக்கூடும். பேட்டரி தரும் டிசி-யை (நேர் மின்னோட்டத்தை), வேண்டிய வோல்ட்டுக்கு நேராக டிசி-யாகவே மாற்றிக் கொடுங்கள். 12 வோல்ட்டை அப்படியே நெட்வொர்க் கேபிளில் கோபுர உச்சிக்கு அனுப்பினாலும் இழப்புதான். 30 மீட்டரில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 24 வோல்ட்டாக உயர்த்தினால் ஆம்பியர் பாதியாகும், கேபிளில் வீணாவது கால் பங்காகக் குறையும். ரேடியோ எத்தனை வோல்ட் ஏற்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பேட்டரி தீர்ந்து நின்ற மறுநாள் காலை, இளவெயிலில் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறியதும் ரேடியோ உயிர்பெறும், சுமை ஏறியதும் வோல்ட்டேஜ் விழும், மறுபடி அணையும். இப்படியே மாறி மாறி நடந்தால் ரேடியோவை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் கெட்டுப்போகலாம். லெட் ஆசிட் பேட்டரியில் 12 வோல்ட்டில் துண்டித்தால், 13-ஐ நெருங்கிய பிறகே இணைக்கும்படி கண்ட்ரோலரை அமையுங்கள்.

பெட்டியை முற்றிலும் அடைத்துவிட்டால் தண்ணீர் வராது என்று நினைப்பது இயல்பு. ஆனால் பகலில் சூடேறிய பெட்டி மழையில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, கிடைத்த இடுக்கு வழியாக ஈரக் காற்றை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் உள்ளேயே துளியாகி, வெளியேற வழியின்றித் தங்கி, முனைகளை அரிக்கும். காற்று போகும், நீர் புகாத சவ்வு வைத்த துவாரம் ஒன்றை அடிப்பக்கம் வையுங்கள். கேபிள்கள் கீழிருந்தே நுழையட்டும். நுழையும் முன் ஒரு வளைவு தொங்கினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும், அதை ரேடியோவோடு ஒரே மூடிய பெட்டியில் வைப்பது ஆபத்து. தனிப் பெட்டியில், காற்றோட்டத்தோடு, பேனலின் நிழலில் வையுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. உறைபனி விழும் இடமென்றால் வேறு கவலை: சாதாரண லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தாலே போதும் என்று ஆன்டெனா கட்டுபவர்களும் உண்டு. 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பு என்றால், நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி சுமார் 11 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவியிருக்கும். அதில் 60 சதவீதமாவது, அதாவது ஏறக்குறைய 7 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். மரங்கள் வளரும், நனைந்த இலை இன்னும் மோசமாக அலையை விழுங்கும். அதையும் சேர்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.

இடி மின்னலுக்கு, கோபுரத்துக்கு ஓர் எர்த், கருவிக்கு வேறோர் எர்த் என்று தனித்தனியே விடாமல் எல்லாவற்றையும் ஒன்றாய் இணைக்க வேண்டும். பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் அவசியம்.

கடைசியாக, தினமும் விடியும் முன் பேட்டரி வோல்ட்டேஜை நிலையமே பதிவு செய்து அனுப்பட்டும். வானம் தெளிவாக இருந்தும் அந்த எண் வாரா வாரம் இறங்கினால், பேனலில் எச்சமோ தூசியோ புதிதாய் வளர்ந்த கிளையின் நிழலோ விழுகிறது என்று பொருள். ஒரு செல்லில் விழும் நிழல்கூடப் பேனலின் பெரும் பகுதியை முடக்கிவிடும். நிலையம் நிற்பதற்கு முன்பே போய்ச் சரிசெய்துவிடலாம்.