பின் டிஃபரன்ஷியலுக்கு எந்த லாக்கர்? செம்மண் பாதையில் ஓடும் வண்டிக்காரர்களுக்கு

பின் டிஃபரன்ஷியலுக்கு லாக்கர் போட வேண்டும் என்று சுங்கை சிப்புட்டில் என் பட்டறைக்கு வருகிறவர்களிடம், வண்டி என்ன மாடல் என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: மழையில் நனைந்த தார்ச்சாலையில் இந்த வண்டி ஓடுமா? ஓடாத வண்டி இங்கே அபூர்வம். காலையில் செம்பனைக் குலை ஏற்றுகிற ஹைலக்ஸ்தான் மத்தியானம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறது, ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போகிறது. அதனால் ஒரு லாக்கர் சேற்றில் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பதைவிட, வேலை இல்லாத நேரத்தில் எவ்வளவு அடங்கிக் கிடக்கிறது என்பதையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

வளைவில் வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் உருள வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுவதற்காகத்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும். அந்த அளவை முடிவு செய்வது பிடிப்புக் குறைந்த சக்கரம். இடது சக்கரம் சேற்றில் வழுக்கினால், கெட்டியான மண்ணில் நிற்கும் வலது சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கும். எஞ்சின் எவ்வளவு அலறினாலும் வண்டி நகராது. லாக்கர் இரண்டு ஆக்சிலையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால், பிடிப்புள்ள பக்கத்துக்கு விசை போய்ச் சேருகிறது. மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது, சுமையும் பின்னால்தான் இருக்கிறது, ஸ்டீயரிங்கும் இழுக்காது. ஒரே ஒரு லாக்கருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது பின்பக்கம்தான் போக வேண்டும்.

வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, பின் சக்கரம் இரண்டையும் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை எடுத்துவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் பெரும்பாலும் சாதாரண டிஃபரன்ஷியல். அதே திசையில் சுற்றினால் உள்ளே கிளட்ச் தட்டுகள் உள்ள எல்எஸ்டியோ (வழுக்கலை ஓரளவுக்கு மட்டும் கட்டுப்படுத்துகிற டிஃபரன்ஷியல்) லாக்கரோ இருக்கிறது. தட்டுகள் தேய்ந்துபோன எல்எஸ்டியும் எதிர்த்திசையில்தான் சுற்றும், ஆகவே பழைய வண்டியில் இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது.

எல்எஸ்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டு வகை தேயும், அதற்கென்று சேர்மானம் கலந்த எண்ணெய் வேண்டும். டோர்சன் போன்ற பல்சக்கர வகை தேய்வது குறைவு. ஆனால் பிடிப்புக் குறைந்த சக்கரத்தின் விசையைச் சில மடங்காக்கித்தான் மறுபக்கத்துக்குத் தரும். சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கினால் பெருக்குவதற்கே ஒன்றும் இருக்காது. பிரேக்கை லேசாக மிதித்தால் கொஞ்சம் உயிர் வரும். குண்டும் குழியுமான மறுநடவுப் பாதைகளில் சக்கரம் தொங்குவது அன்றாடச் சங்கதி என்பதால், எல்எஸ்டியை லாக்கருக்கு மாற்றாக நான் எண்ணுவதில்லை.

அடுத்தது தானியங்கி லாக்கர். டெட்ராய்ட் லாக்கர் இந்த வகையில் புகழ்பெற்றது. இது எப்போதும் பூட்டிய நிலையில் இருக்கும். வளைவில் வெளிச் சக்கரம் வேகமெடுக்கும்போது மட்டும் அந்தப் பக்கத்தை விடுவிக்கும். சுவிட்ச் இல்லை, குழாய் இல்லை, ஒயர் இல்லை. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஊருக்குள் ஓடுகிற வண்டிக்கு நான் இதைப் பொருத்துவதில்லை. தோட்டப் பாதையைக் கவனித்துப் பாருங்கள். தண்ணீர் வடிவதற்காக நடுவில் முதுகுபோல் உயர்த்தி, இரண்டு பக்கமும் வாய்க்காலுக்குச் சரித்திருப்பார்கள். சாயங்கால மழை அரை மணி நேரம் பெய்தால் போதும், அடியில் மண் கெட்டியாகவே இருக்கும், மேலே மட்டும் விரல் கனத்துக்குச் செம்மண் குழம்பு சவர்க்காரம் தேய்த்த தரைபோல் ஆகிவிடும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது மற்றது சுற்றாமல் மண்ணைக் கவ்விக்கொண்டு நிற்கும். வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் சரியாமல் காப்பது அந்தச் சக்கரம்தான். பூட்டிய ஆக்சிலில் இரண்டும் சேர்ந்து சுற்றும், பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாது. வால் மெதுவாக வாய்க்காலை நோக்கி இறங்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். கைப்பூட்டு லாக்கர் என்றால் ஒரு சுவிட்சைத் தட்டி விடுவித்துக்கொள்ளலாம். தானியங்கியில் ஓட்டுநருக்கு அந்த உரிமை இல்லை. ஈரமான தார் வளைவில் விசை கொடுக்கும்போதும் அதே குணத்தைக் காட்டும்.

டிஃபரன்ஷியலின் பழைய கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்களை மட்டும் மாற்றிப் போடுகிற மலிவான தானியங்கி லாக்கர்களும் உண்டு. கிரவுன் வீலை, அதாவது கூட்டில் பூட்டியிருக்கும் பெரிய பல்சக்கரத்தை, தொட வேண்டியதில்லை என்பதால் கூலியும் குறைவு. தோட்டத்தை விட்டு வெளியே போகாத பழைய லேண்ட் ரோவருக்குப் போடுங்கள், நானே போட்டுத் தருகிறேன். மனைவியும் பிள்ளைகளும் ஏறும் வண்டிக்கு வேண்டாம்.

ஆக, பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது விடுவிக்கிற லாக்கர். அதில் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கம்பெனியே பொருத்தித் தருவது. ஹைலக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், டி-மேக்ஸ் எல்லாவற்றிலும் பின் லாக் உள்ள வகைகள் வந்திருக்கின்றன. புதிதாக வண்டி வாங்குகிறவர் தோல் இருக்கையையும் பெரிய திரையையும் பார்க்கிற நேரத்தில் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் மன்றாட்டு. பழைய வண்டிக்காரர்கள் பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகங்களாக விற்கிற கடை) லாக் உள்ள ஆக்சிலை முழுதாக வாங்கி மாற்றுவதும் உண்டு, அதுவும் நல்ல வழியே. ஆனால் பல் விகிதம் முன் டிஃபரன்ஷியலோடு ஒத்துப்போக வேண்டும். கிரவுன் வீலின் பற்களை, அதைச் சுற்றவைக்கும் சிறு பல்சக்கரமான பினியனின் பற்களால் வகுத்துப் பாருங்கள்: 41க்கு 10 என்றால் 4.1, 43க்கு 11 என்றால் 3.9. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் போட்டு நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால், கெட்டியான தரையில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து எங்கேயாவது உடைந்துதான் ஓயும்.

இரண்டாவது, காற்று லாக்கர். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி இதில் பெயர்போனது. சிறிய கம்ப்ரசர் ஒன்று மெல்லிய குழாய் வழியாகக் காற்றை அனுப்பும், காற்று பூட்டைத் தள்ளும். முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றி மாற்றி ஆட்டி வண்டியைச் சேற்றிலிருந்து எடுக்கும்போதும் பூட்டு விலகாது. அதே கம்ப்ரசரில் டயருக்கும் காற்று அடித்துக்கொள்ளலாம். சேற்றுக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுகிறவருக்கு இது பெரிய வசதி. பலவீனம் குழாயிலும் ரப்பர் வளையங்களிலும் இருக்கிறது. குழாயைப் புகைக்குழாய்க்கு அருகிலோ, செம்பனை மட்டை கிழிக்கும்படி ஆக்சிலுக்குக் கீழேயோ கொண்டுபோனால் நடுக்காட்டில் கைவிடும்.

மூன்றாவது, மின்காந்த லாக்கர். ஈட்டன், ஹாரொப் போன்றவை செய்கின்றன. ஒரு ஒயர், ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். இவற்றில் சில, வண்டி முன்னிலிருந்து பின்னுக்குத் திசை மாறும்போது ஒரு கணம் விடுபட்டு மறுபடி பூட்டிக்கொள்ளும். தோட்டத்து மேட்டில் ஏறுவதற்கு இது ஒரு குறையே இல்லை. லாசாவைத் தாண்டி போஸ் பியா, குவாலா மூ பக்கம் உள்ள தெமியார் பழங்குடிக் கிராமங்களுக்கு மரம் வெட்டும் பாதையில் அடிக்கடி சாமான் ஏற்றிப் போகிறவருக்குக் காற்று லாக்கரையே சொல்வேன். செம்பனைக் காட்டிலிருந்து ஆலைக்கு ஓடுகிறவருக்கு மின்சாரம் போதும்.

வகையை முடிவு செய்துவிட்டால் ஆர்டர் கொடுக்க அவசரப்படாதீர்கள். ஒரே பெயருள்ள வண்டியிலேயே ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் ஏற்ப ஆக்சில் மாறும். ஆக்சிலை உருவி நுனியில் உள்ள வரிப்பற்களை எண்ணிப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். பழைய சீரிஸ் லேண்ட் ரோவருக்கு 10, பிந்திய டிஃபெண்டருக்கு 24. கிரவுன் வீலின் அளவையும் பல் விகிதத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டயரையும் கணக்கில் எடுக்க வேண்டும். பூட்டிய நிலையில் டிஃபரன்ஷியலின் முழு விசையும் ஒரே பக்க ஆக்சில் மேல் விழக்கூடும். பெரிய டயரும் லாக்கரும் சேர்ந்தால், பழைய 10 பல் ஆக்சில் முறுக்கிக்கொண்டு உடைவது வியப்பல்ல.

பொருத்துகிறவரிடம் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு பட்டறைக்குப் போங்கள், தயங்க வேண்டாம். கூட்டை மாற்றினால் கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையில் உள்ள இடைவெளியை மறுபடி அமைக்க வேண்டும். டோயோட்டாவின் 8 அங்குல டிஃபரன்ஷியலுக்கு அது 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர்; கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்லக்கூடிய அளவல்ல. பிறகு பற்களில் குறிபார்க்கும் சாயத்தைத் தடவிச் சுற்றுவோம். சாயம் அழிந்த தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழுந்தால் சரி. உச்சியிலோ அடியிலோ விழுந்தால் பினியனின் ஆழம் தப்பு. மறுபடி பிரித்துத் தகடு மாற்றியாக வேண்டும். இதற்கு ஒரு பகல் போய்விடுகிறது. போகட்டும். அவசரமாக மூடிய டிஃபரன்ஷியல் முதலில் சீழ்க்கை அடிக்கும், பிறகு பற்களைத் தின்னும்.

“அண்ணே, மாட்டிக்கொண்ட பிறகு பூட்டினால் போதாதா?” என்று இளைஞர்கள் கேட்பார்கள். போதாது தம்பி. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது பூட்டினால் உள்ளே அறைந்துகொண்டு உடையும். மேட்டுக்கு முன்னால் நிறுத்தி, லோ ரேஞ்சில் போட்டு, சுவிட்சைத் தட்டி, விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிகிற வரை மெல்ல உருளவிட்டு, அதன் பிறகு ஏறு. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்காதே. பூட்டிய வண்டி நேராகத்தான் போகப் பார்க்கும். மேலே போனதும் விடுவி. பக்கச் சரிவில் போகும்போது பூட்டவே பூட்டாதே.

பொருத்திய பிறகு எண்ணெய்: தயாரிப்பாளர் வேறு சொல்லாத வரை ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90. முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள், புதிய பற்களின் இரும்புப் பொடி அதில் இருக்கும். டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாயை நீட்டிச் சுமைத் தொட்டிக்கு மேல் ஏற்றிக் கட்டிவிடுங்கள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், மூச்சுக்குழாய் தாழ இருந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆறு கடந்து வந்த மறுநாள் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.