மழை பெய்தால் வீசும் பூனை நாற்றம்: வாங்கிய மலை வீட்டிலிருந்து அதை எடுப்பது எப்படி?

கோத்தகிரியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டை முதன்முதலில் பார்த்தது ஒரு பிப்ரவரி மதியம். சுள்ளென்று வெயில். ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. மரத்தரை பளபளவென்று இருந்தது. பத்திரம் முடிந்து, பெயிண்ட் அடித்து, சாமான் ஏற்றிக் குடியேற செப்டம்பர் ஆகிவிட்டது. ஐப்பசி அடைமழை பிடித்த மூன்றாம் நாள் காலை படுக்கையறைக் கதவைத் திறந்தேன். குப்பென்று மூக்கில் ஏறியது. பூனை மூத்திரம். எங்களிடம் பூனையே கிடையாது.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் கதையைச் சொன்னார். "அந்தம்மா ஏழு பூனை, ரெண்டு நாய் வெச்சிருந்துச்சு கண்ணு. சிறுத்தை தூக்கிட்டுப் போயிரும்னு பொழுது சாஞ்சா எல்லாத்தையும் உள்ள போட்டு அடைச்சிரும்." குறை சொல்ல முடியாது. சிறுத்தை நடமாடுகிற ஊரில் நாயை வெளியே கட்டிவைக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் அதன் பலனை அடுத்து வருகிறவர் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. மலையில் பழைய வீடு வாங்கியவர்களுக்காக, நான் ஒரு வருடம் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: ஏன் மழையில் மட்டும் வருகிறது?

மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. அண்மையில் மூத்திரம் பெய்த இடத்தில் கண்ணைக் கரிக்கும் வாடை அதுதான். யூரியா தண்ணீரில் கரையும், கழுவினால் போய்விடும். யூரிக் அமிலம் அப்படியில்லை. அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. பொடிப்பொடிப் படிகமாக மரத்தின் இழையிலும் சிமெண்டின் நுண்துளையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்திருக்கும்வரை சத்தம் காட்டாது. காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி வீச ஆரம்பிக்கும். பூனை மூத்திரத்தில் இதோடு கந்தகம் கலந்த ஒரு சமாச்சாரமும் சேர்கிறது. காயடிக்காத கடுவன் பூனை என்றால் அது இன்னும் அதிகம்.

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர், நவம்பரில் நாள்கணக்கில் மூட்டம் விலகாது. பிப்ரவரி வெயிலில் வீடு பார்த்த எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இன்னும் வாங்காமல் இருப்பவர்களுக்கு ஒரே யோசனை: முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மழைநாளில் ஒருமுறை போங்கள். ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி அரைமணி நேரம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள்.

ஃபினாயிலும் தைலமும் வேண்டாம்

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். நானும் செய்தேன். ஃபினாயில் ஊற்றித் துடைத்தேன், பாட்டி சொன்னபடி நீலகிரித் தைலம் தெளித்தேன். இரண்டு நாள் வீடு தைலக் கடை மாதிரி மணத்தது. மூன்றாம் நாள் தைலமும் பூனையும் சேர்ந்து வீசியது. அது தனிப் பூனையைவிட மோசம். இவை நாற்றத்தை மூடுமே தவிர எடுக்காது. நீங்களே பூனை வளர்க்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. பூனையின் ஈரலால் இந்த வகைப் பொருள்களைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. பூனைகளுக்கு இவை விஷம்.

பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். அது மூத்திரத்திலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் வாயு வரும். வினிகரோ கழிப்பறை ஆசிட்டோ பட்டால் குளோரின் வாயு. மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 1: இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வீடு முழுக்க நாறுவதாகத் தோன்றும். உண்மையில் நாறுவது நாலைந்து இடம்தான். அறையைச் சாத்தி வைத்துவிட்டு, வெளியே போய்ப் பத்து நிமிடம் நல்ல காற்றை வாங்கிவிட்டு உள்ளே வாருங்கள். உள்ளேயே இருந்தால் மூக்கு பழகிவிடும், ஒன்றும் தெரியாது. முட்டி போட்டு, தரையோடு தரையாக மோந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், யாரும் பார்க்கப் போவதில்லை. (என் மகன் பார்த்துவிட்டான், அது வேறு கதை.)

அடுத்தது புற ஊதா டார்ச். கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருப்பார்களே, அதே வகை. விலை அதிகமில்லை. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அடித்தால் பழைய மூத்திரக் கறை மங்கலான மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ மின்னும். முதல்நாள் இரவு எங்கள் படுக்கையறை மூலையில் அடித்தபோது ஜன்னலுக்குக் கீழே சுவரில் முழங்கால் உயரத்திலிருந்து ஒரு கோடு வழிந்து இறங்கி, ஸ்கர்ட்டிங் பலகைக்கு (சுவரின் அடியில் தரையை ஒட்டி அடித்திருக்கும் பலகை) பின்னால் போய் மறைவது தெரிந்தது. புது பெயிண்டுக்கு மேலேயே கசிந்து வந்திருந்தது. கடுவன் பூனை நின்றபடி பின்பக்கமாகப் பீய்ச்சுமில்லையா, அந்த உயரம். அதனால் தரையை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள்.

டார்ச்சை முழுக்க நம்பவும் கூடாது. சோப்புத் தூள், பசை, சில பாலிஷ்கள்கூட மின்னும். ரொம்பப் பழைய கறை மின்னாமலும் போகும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் நாலு சொட்டுச் சுடுதண்ணீர் விட்டு மோந்து பாருங்கள். மூத்திரமாக இருந்தால் உடனே எழும்பும். உறுதியான இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். பகலில் மறந்துபோகும்.

மேல்கூரைப் பலகையிலிருந்து வாடை வந்தால் அது வளர்ப்புப் பிராணி வேலையாக இருக்காது. மரநாயோ வௌவாலோ எலியோ குடியிருக்கும். மரநாயைப் பிடிப்பதோ அடிப்பதோ சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள், அது வெளியே போன பிறகு ஓட்டையை அடையுங்கள்.

படி 2: தூக்கிப் போட வேண்டியதைத் தூக்கிப் போடுங்கள்

கம்பளம், அதன் அடியிலுள்ள நமுத்துப்போன விரிப்பு, முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போன சோஃபா மெத்தை. இவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண்.

படி 3: நாய் வாடைக்குச் சோப்புத் தண்ணீர்

நாய் வாடையில் பெரும்பகுதி உடம்பு எண்ணெய். நாய் உரசிப்போன உயரத்தில் கதவு நிலை, சுவர் மூலையெல்லாம் பிசுக்காகப் பழுப்பேறியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் கொஞ்சம் விட்டுத் தேய்த்தால் போய்விடும். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடையுங்கள். சோப்பு தங்கினால் அடுத்த படியைக் கெடுக்கும்.

படி 4: என்சைம் கரைசல்

முக்கியமான வேலை இதுதான். பிராணிக் கறைக்கென்றே விற்கும் என்சைம் (கறையிலுள்ள பொருளை உடைக்கும் நொதி) திரவத்தை வாங்குங்கள். யூரிக் அமிலத்தை உடைக்கக்கூடியதா என்று லேபிளில் பாருங்கள். பழத்தோலும் வெல்லமும் ஊறவைத்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் வீட்டு பயோ என்சைம் இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. தரை துடைக்க அருமையான பொருள். ஆனால் அதன் வலு பெரும்பாலும் புளிப்பில்தான். யூரிக் அமிலத்துக்கு அதை நம்பி நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

மலையில் இரண்டு விஷயம் மாறும். லேபிளில் பதினைந்து நிமிடம் என்று போட்டிருப்பார்கள். குளிரில் என்சைம் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் முதலில் கறை இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து ஒற்றி எடுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கிற தண்ணீர் என்சைமையே கொன்றுவிடும். பிறகு கரைசலை ஊற்றுங்கள். தெளிப்பதில் பயனில்லை. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே அரை அடி தள்ளியும் நனையுங்கள்.

அடுத்தது, காயாமல் ஒருநாள் முழுக்க மூடி வைக்க வேண்டும். பாலிதீன் உறை தேடி அலையாதீர்கள், நீலகிரியில் கிடைப்பதும் கஷ்டம். நான் பழைய மழைக்கோட்டை வெட்டி விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்தேன். மறுநாள் எடுத்தபோது நாற்றம் முன்பைவிட அதிகமாக இருந்தது. பயந்துவிட்டேன். அது சகஜம், உள்ளே கிடந்தது கிளறி மேலே வருகிறது. காயவிட்டு மறுபடி செய்யுங்கள். எனக்கு மூன்று முறை தேவைப்பட்டது, ஜன்னல் மூலைக்கு ஐந்து.

என்சைம் கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேளுங்கள். பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல் தருவார்கள். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம். அதில் அரை லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவம். கையுறை போட்டுக்கொண்டு உடனே பயன்படுத்துங்கள். மிச்சத்தைப் பாட்டிலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். மரத்தின் நிறத்தை வெளுக்கும், அதனால் மறைவான மூலையில் சோதித்துப் பாருங்கள். என்சைம் போடும் நாளில் இதைப் போடாதீர்கள், இது என்சைமைக் கெடுத்துவிடும்.

மொசைக் தரைக்கும் ரெட் ஆக்சைடு தரைக்கும் ஆசிட் கூடாது. மொசைக்கிலுள்ள சலவைக்கல் துண்டுகளை வினிகர்கூட அரிக்கும்.

படி 5: காயவையுங்கள், நிஜமாகவே

மலை வீடுகளில் பெரும்பாலும் சீலிங் ஃபேன் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை. மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டிலிருந்து டேபிள் ஃபேன் பஸ்ஸில் ஏறி வந்தது. "குளிர்ல ஃபேன் எதுக்குக்கா?" என்று கேட்டவள் காரணம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். மூட்டத்தில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். வெயில் எட்டிப்பார்க்கும் பதினொன்று முதல் இரண்டு, மூன்று மணி வரை திறந்துவிட்டு, மூட்டம் இறங்குவதற்குள் சாத்துங்கள்.

அடுப்புக்கரியைப் பற்றவைக்காமல் கூடையில் மூலையில் வைத்தால் மிச்ச வாடையைக் கொஞ்சம் இழுக்கும். சூட்டுக்காக அடைத்த அறையில் கரியைக் கொளுத்திவைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

படி 6: சுவரும் மரமும்

சாதாரண எமல்ஷன் பெயிண்ட் நாற்றத்தைத் தடுக்காது, அதை எங்கள் சுவரே சொன்னது. மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்தார். "சுண்ணாம்புக் காரைங்கக்கா, நல்லா குடிச்சிருக்கு. கொத்தி எடுத்துட்டுப் புதுசா பூசறதுதான் வழி." ஸ்கர்ட்டிங் பலகையைக் கழற்றியபோது அதன் பின்பக்கம் மெழுகு உருகி உறைந்த மாதிரி மஞ்சளாக ஒரு படலம். எத்தனை வருடத்துச் சரக்கோ! பலகையை விறகுக்குக்கூட வைக்கவில்லை.

மரத்தரையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு ஷெல்லாக் பூசச் சொன்னேன். பிரெஞ்சு பாலிஷுக்கு ஆசாரிகள் ஸ்பிரிட்டில் கரைப்பார்களே, அந்த அரக்குதான். மிச்ச வாடையை உள்ளேயே பூட்டுவதில் இதற்கு இணை இல்லை. ஆனால் ஈரக் காற்றில் பூசினால் பால்போல வெளுத்துவிடும். அதனால் ஜனவரி, பிப்ரவரி வெயிலுக்குக் காத்திருந்தோம். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அன்றைக்கு அடுப்பும் ஹீட்டரும் அணைந்திருக்க வேண்டும். இரண்டு கோட்டு, மேலே நடமாட்டத்தைத் தாங்கும் தரை வார்னிஷ்.

படி 7: அடுத்த மழை வரை பொறுங்கள்

வெயில் காலத்தில் நாற்றம் இல்லை என்று கொண்டாடாதீர்கள். எங்களுக்கு இந்த ஐப்பசியில்தான் பரீட்சை. நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு கதவைத் திறந்து, அதே ஜன்னல் மூலையில் முட்டி போட்டேன். வார்னிஷ் வாசம் மட்டும்தான். மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகை மட்டும் மூட்டம் அடர்ந்த காலையில் லேசாக வாலாட்டுகிறது. இப்போதைக்கு அங்கே ஒரு கூடை கரி வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் ஆசாரி வந்து அதை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.