ஜிஆர்-55 பேட்ச்களைக் கணினியில் திருத்தி அடுக்குவது எப்படி?

கிட்டார் வாசிப்பைப் பிற கருவிகளின் ஒலியாக மாற்றும் ரோலண்ட் ஜிஆர்-55 என்ற கிட்டார் சிந்தசைசரை வாங்கிய புதிதில் பலரும் திணறுவது அந்தச் சின்னத் திரையில்தான். ஒரே பேட்சுக்குள் (சேமித்து வைக்கும் ஓர் ஒலி அமைப்பு) 2 பிசிஎம் டோன் (பதிவுசெய்த கருவி ஒலி), 1 மாடலிங் டோன் (தந்தி அதிர்விலிருந்து கணக்கிட்டு உருவாக்கும் ஒலி), கிட்டாரின் சாதாரண பிக்கப் என்று 4 ஒலிகள். தரையில் குனிந்து குமிழைத் திருகித் திருகி இத்தனையையும் சரிசெய்தால் முதுகு போய்விடும். ஃப்ளோர்போர்டு என்ற இலவச மென்பொருளில் எல்லாம் கண்முன்னே விரிந்துவிடும்.

முதலில் யுஎஸ்பி டிரைவரை நிறுவுங்கள், அப்புறம் கேபிளைச் செருகுங்கள். மென்பொருளின் செட்டிங்ஸில் மிடி இன், மிடி அவுட் (கணினியும் கருவியும் தகவல் பரிமாறும் வழிகள்) இரண்டுக்கும் ஜிஆர்-55ஐத் தேர்ந்தெடுத்து, கனெக்ட் பட்டனை அழுத்துங்கள். எதையும் தொடுவதற்கு முன், யூசர் பேட்ச்கள் (நாம் மாற்றி எழுதக்கூடியவை) 297ஐயும் மொத்தமாக ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள்.

ஒலி விட்டுவிட்டு வந்தால் பேட்சைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே உணர கிட்டாரில் பொருத்தும் ஜிகே-3 பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே சுமார் 1 மி.மீ. இருக்க வேண்டும். அது பிசகினால் எந்த மென்பொருளும் கைகொடுக்காது.

சரி, ஒரு பேட்ச் செய்து பார்ப்போம். பிசிஎம் 1இல் அக்கூஸ்டிக் பேஸ் டோனை வைத்து, 1 முதல் 4 வரையான தந்திகளின் அளவை 0 ஆக்குங்கள். ஆக்டேவை ஒரு படி இறக்குங்கள். பிசிஎம் 2இல் புல்லாங்குழல். இங்கே 5, 6ஆம் தந்திகளை 0 ஆக்குங்கள். மாடலிங்கை அணைத்துவிடுங்கள். இப்போது கட்டைவிரல் பேஸ் வாசிக்கும், மற்ற விரல்கள் குழல் ஊதும்.

பிடித்திருந்தால் உடனே ரைட் (Write) கொடுத்துச் சேமியுங்கள். மாற்றங்கள் அதுவரை தற்காலிக நினைவில்தான் இருக்கும். ஒருமுறை நான் சேமிக்காமல் வேறு பேட்சை மிதித்து, ஒரு மணிநேர உழைப்பைத் தொலைத்தேன்.

அடுக்கும்போது 'குழல்கள் ஓரிடம், வயலின்கள் ஓரிடம்' என்று பிரிக்கத் தோன்றும். வேண்டாம். ஒரு பேங்குக்கு (பேட்ச்களின் தொகுதி) 3 பெடல், 3 பேட்ச். பாட்டின் நடுவில் பேங்க் மாற்றுவது பெரும்பாடு. அதனால் ஒரு பாட்டுக்கு வேண்டிய 3 ஒலிகளையும் ஒரே பேங்கில் வையுங்கள்: பல்லவிக்கு 1, சரணத்துக்கு 2, இடையிசைக்கு 3. பெயரையும் பாட்டை வைத்தே சூட்டுங்கள். மேடை இருட்டில் 'புதுசு 2' என்று தெரிந்தால் என்ன மிதிப்பது?

அடுக்கி முடித்ததும் இன்னொரு முறை மொத்தமாகச் சேமித்து, கோப்பின் பெயரில் தேதியைப் போடுங்கள். பழைய கோப்பை அழிக்காதீர்கள்.