இணையவழிப் போட்டிக்குத் தருக்கப் புதிர்களை ஆயத்தம் செய்யும் முறை

இணையத்தில் ஒரு குழுவினருக்குப் புதிர்ப் போட்டி நடத்த முன்வருபவர்கள் பெரும்பாலும் நல்ல புதிர்களைத் தேடித் திரட்டுவதிலேயே தங்கள் நேரத்தைச் செலவிட்டுவிடுகின்றனர். உண்மையில் அந்த நேரத்தின் பெரும்பகுதி புதிர்களைச் சரிபார்ப்பதற்கே ஒதுக்கப்பட வேண்டும். நேரில் நடக்கும் போட்டியில் ஐயம் எழுந்தால் பங்கேற்பவர் எழுந்து கேட்பார், நடுவரும் உடனே விளக்கிவிடுவார். இணையத்திலோ பலரும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரங்களில் அதே வரிகளைத் தனித்தனியே படித்துக்கொண்டிருப்பார்கள்; அமைப்பாளர் எழுதிய சொற்களைத் தவிர அவர்களுக்கு வேறு துணை கிடையாது. ஆகவே, ஒரு புதிருக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்பதையும், அந்த விடையை ஊகத்தால் அல்லாமல் சிந்தித்தே அடைய முடியும் என்பதையும் வெளியிடுவதற்கு முன்பே தாளில் எழுதி நிறுவிக்கொள்வது அமைப்பாளரின் முதற் கடமையாகும்.

இதை ஒரு சிறு புதிரைக் கட்டிப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம். அமுதன், பாரி, செழியன் என்று மூவர் இருக்கின்றனர். அவர்களுள் ஒவ்வொருவரும் எப்போதும் உண்மையே பேசுபவர் அல்லது எப்போதும் பொய்யே பேசுபவர். “பாரி பொய்யன்” என்கிறான் அமுதன். “செழியன் பொய்யன்” என்கிறான் பாரி. “அமுதன் பொய்யன்” என்கிறான் செழியன். உண்மை பேசுபவர் யார் யார்? படித்தவுடன் அழகாகத் தோன்றும் இந்தப் புதிருக்கு விடையே இல்லை. அமுதன் உண்மை பேசுகிறான் என்று கொண்டால் பாரி பொய்யன், எனவே செழியன் உண்மையாளன், எனவே அமுதன் பொய்யன் என்று முரண்பாட்டில் முடிகிறது. அமுதனைப் பொய்யன் என்று கொண்டு தொடங்கினாலும் இதே வழியில் சென்று அவன் உண்மையாளன் என்ற முடிவில் முட்டி நிற்போம். சரி, வளவன் என்று நான்காம் ஆள் ஒருவனைச் சேர்த்து, ஒவ்வொருவனும் தனக்கு அடுத்தவனைப் பொய்யன் என்று சொல்லும்படி வட்டத்தை நீட்டினால் என்ன ஆகும்? இப்போது முதலாமவனும் மூன்றாமவனும் உண்மையாளர்கள் என்பதும் சரியாக வருகிறது, இரண்டாமவனும் நான்காமவனும் உண்மையாளர்கள் என்பதும் சரியாக வருகிறது. விடையே இல்லாத புதிர், ஓர் ஆளைச் சேர்த்தவுடன் இரண்டு விடைகள் உள்ள புதிராகிவிட்டது. போட்டிக்கு இரண்டுமே உதவா.

மீண்டும் மூவருக்கே திரும்பி, செழியனின் கூற்றை மட்டும் “அமுதன், பாரி இருவருமே பொய்யர்கள்” என்று மாற்றுவோம். அமுதன் உண்மையாளன் என்றால் பாரி பொய்யன். ஆகவே செழியன் உண்மையாளன். ஆனால் அவனோ அமுதனையும் பொய்யன் என்கிறான், எனவே முரண்பாடு. அமுதன் பொய்யன் என்றால் பாரி உண்மையாளன், செழியன் பொய்யன். செழியனின் கூற்றும் பொய்யாகவே அமைகிறது. ஒரே விடை கிடைத்துவிட்டது. மூன்று பேருக்கு இருக்கக்கூடிய நிலைகள் மொத்தம் 8 மட்டுமே என்பதால், எட்டையும் எட்டு வரிகளாக எழுதி, ஏழு வரிகள் எந்தக் கூற்றால் அடிபடுகின்றன என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறித்துவைப்பது நல்லது. பின்னாளில் ஒருவர் முறையிடும்போது அந்தத் தாளே பதில் சொல்லும்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. “இருவருமே பொய்யர்கள்” என்பது பொய் என்றால், “இருவருமே உண்மையாளர்கள்” என்று பொருளாகாது. இருவருள் ஒருவரேனும் உண்மையாளர் என்று மட்டுமே பொருளாகும். இதைத் தவறாகப் புரிந்துகொள்பவர் புதிருக்கு விடையே இல்லை என்று எழுதி அனுப்புவார். இத்தகைய தடுமாற்றம் புதிரின் குறை அன்று, அதுவே அதன் சுவை. ஆனால் அந்த இடம் எது என்று அமைப்பாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, சொற்களில் கவனம் வேண்டும். பழகிய புதிர் என்பதால் அதன் வாசகம் பிழையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று பெண்களின் வயதுகளைப் பெருக்கினால் 36 வரும், கூட்டினால் வரும் எண் தெரிந்தும் வயதுகளைச் சொல்ல முடியவில்லை, பிறகு “மூத்தவளுக்குப் பாட்டுப் பிடிக்கும்” என்று சொன்னதும் விடை தெரிந்துவிடுகிறது என்னும் புதிரை நான் ஒருமுறை அப்படியே போட்டியில் வைத்தேன். 36 வரும் எட்டுச் சேர்க்கைகளில் 1, 6, 6 என்பதும் 2, 2, 9 என்பதும் மட்டுமே ஒரே கூட்டுத்தொகையான 13-ஐத் தருகின்றன. மூத்தவள் ஒருத்தி இருப்பதால் விடை 2, 2, 9 என்பதே நான் வைத்திருந்த தீர்வு. இரட்டையரிலும் ஒருத்தி சில நிமிடங்கள் முன்னே பிறந்தவள்தானே என்று ஒரு பங்கேற்பாளர் கேட்டபோது என்னிடம் மறுமொழி இல்லை, அவர் கேட்டது முற்றிலும் நியாயம். இரு விடைகளுக்கும் முழு மதிப்பெண் அளிக்க வேண்டியதாயிற்று. “முழு ஆண்டுக் கணக்கில், ஒருத்தியின் வயது மற்ற இருவரின் வயதையும்விட அதிகம்” என்று எழுதியிருந்தால் அந்தச் சிக்கலே எழுந்திராது. வாசகத்தின் அழகு சற்றுக் குறையும், ஆனால் போட்டியில் அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

நாணயப் புதிரிலும் கேள்வியைக் கேட்கும் விதமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 12 நாணயங்களில் எடை மாறுபட்ட ஒன்றைக் கண்டறிந்து, அது கனமானதா இலேசானதா என்பதையும் தராசில் மூன்றே நிறுத்தல்களில் சொல்லிவிட முடியும். 13 நாணயங்கள் என்றால், மாறுபட்ட நாணயம் எது என்று மூன்று நிறுத்தல்களில் கண்டுபிடிக்கலாம், ஆனால் கனமா இலேசா என்பதை எல்லா வேளையிலும் சொல்ல இயலாது. கேள்வியில் அரை வாக்கியம் கூடினால் தீர்க்கக்கூடிய புதிர் தீர்க்க முடியாததாகிவிடும். மூன்று கதவுகளும் ஒரு காரும் வரும் புகழ்பெற்ற புதிரும் இப்படிப்பட்டதே. ஒரு கதவின் பின்னே மட்டும் கார் உள்ளது; போட்டியாளர் ஒரு கதவைத் தேர்ந்தபின், நிகழ்ச்சி நடத்துநர் மற்ற இரண்டில் ஒன்றைத் திறந்து அதன் பின்னே கார் இல்லை என்று காட்டுகிறார்; போட்டியாளர் தம் கதவை மாற்றிக்கொள்வது நல்லதா என்பதே கேள்வி. 1990-இல் மர்லின் வோஸ் சவான்ட் என்னும் அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் ஒரு வார இதழில் மாற்றுவதே நல்லது என்று அதற்கு விடை எழுதியபோது ஆயிரக்கணக்கான மறுப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. கார் எங்கே உள்ளது என்பதை அறிந்தே நிகழ்ச்சி நடத்துநர் எப்போதும் வெறுங்கதவைத் திறக்கிறார் என்றால், கதவை மாற்றுபவருக்கு வாய்ப்பு மூன்றில் இரண்டு. அவர் ஏதோ ஒரு கதவைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்க, அது தற்செயலாக வெறுமையாக இருந்தது என்றால், வாய்ப்பு பாதிதான். இந்த நிபந்தனையை எழுதாமல் அந்தப் புதிரை வெளியிடக் கூடாது.

எண் வரிசைப் புதிர்களை நான் கூடியவரை தவிர்ப்பேன். 1, 2, 4, 8, 16 என்ற வரிசையில் அடுத்த எண் 32 என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து அவற்றைக் கோடுகளால் இணைத்தால் கிடைக்கும் பகுதிகளின் அதிகபட்ச எண்ணிக்கையும் இதே ஐந்து எண்களாகத் தொடங்கி, ஆறாவது புள்ளியில் 31 ஆகிறது. இரண்டையும் ஏற்க நியாயம் இருக்கும்போது ஒன்றை மட்டும் சரி என்பது முறையன்று. சுடோகு வைப்பதாக இருந்தால், ஒரே தீர்வு உள்ளதா என்பதைக் கணினி நிரல் கொண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். 17-க்கும் குறைவான எண்கள் தரப்பட்ட 9×9 கட்டத்துக்கு ஒரே தீர்வு இருக்க முடியாது என்பது 2012-இல் டப்ளினில் கணினி வழியாக நிறுவப்பட்டுவிட்டது.

தாளில் நிறுவிய பின்னும் விடை தெரியாத மூவரிடமேனும் புதிரைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்ல வேண்டும். விடை அறிந்தவருக்கு எந்தப் புதிரும் எளிதாகவே தெரியும் என்பதால், கடினத்தைத் தாமே மதிப்பிடாமல், அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்து முடிவுசெய்வதே சரி. அருகில் நின்று விளக்கக் கூடாது. எந்த வரியை அவர்கள் இரண்டாம் முறை படிக்கிறார்களோ, அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.

தேடுபொறியும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் எல்லோர் கையிலும் உள்ளன. பழைய புதிரின் பெயர்களையும் எண்களையும் மட்டும் மாற்றினால் போதாது; மேலே செழியனின் கூற்றை மாற்றியதுபோல, தீர்வு செல்லும் பாதையையே மாற்ற வேண்டும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்டால் பாதிப் பேர் குருட்டடியாகவே வென்றுவிடுவார்கள். விடையோடு இரண்டு மூன்று வரிகளில் காரணத்தையும் கேட்டு, மதிப்பெண்ணில் பாதியைக் காரணத்துக்கு ஒதுக்கலாம்.

விடை எந்த வடிவில் அமைய வேண்டும், ஒருவர் எத்தனை முறை அனுப்பலாம், சமநிலை ஏற்பட்டால் எப்படிப் பிரிப்பது என்பவற்றைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதி அறிவித்துவிட வேண்டும். வெவ்வேறு நாடுகளிலிருந்து பங்கேற்பவர்கள் இருந்தால், தொடக்கத்தையும் முடிவையும் உலகப் பொது நேரத்தில் குறிப்பதே குழப்பத்தைத் தவிர்க்கும். விடைகள் பிறர் கண்ணில் படாத தனிப் படிவத்தில் வர வேண்டும். யாரேனும் தனியே விளக்கம் கேட்டால், கேட்டவருக்கு மட்டும் பதில் சொல்லாமல், அந்தக் கேள்வியையும் பதிலையும் அனைவரும் காணுமாறு ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும். துணைக்குறிப்புகளும் இவ்வாறே, முன்னறிவித்த நேரத்தில் எல்லோருக்கும் ஒன்றாகச் சென்று சேர வேண்டும்.

போட்டி முடிந்தபின் விடையை மட்டும் வெளியிடாமல், மற்ற வழிகள் ஏன் அடைபடுகின்றன என்பதையும் சேர்த்து எழுதி, முறையீடு செய்ய இரண்டு நாள்களேனும் அவகாசம் தர வேண்டும். அந்த அவகாசம் முடிந்த பிறகே வெற்றியாளர்களின் பெயர்களை அறிவிக்கலாம்.