ஒன்றாம் வகுப்போடு தபால் நிலையம் போய்வருவது எப்படி?

ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் "பிள்ளைகளை வெளியே எங்கே கூட்டிப் போகலாம்?" என்று கேட்கும்போது அவர்கள் மனதில் பெரும்பாலும் உயிரியல் பூங்காவோ கடற்கரையோ இருக்கும். என் பதில், நடந்து போகிற தூரத்தைத் தாண்டாதீர்கள் என்பதுதான். ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு நீண்ட பேருந்துப் பயணம் என்பது பாதி வாந்தி, பாதி தூக்கம். போய்ச் சேரும்போதே சோர்ந்துவிடும். அடுத்த வாரம் அதை வைத்து வகுப்பில் எழுதவோ எண்ணவோ எதுவும் மிஞ்சாது.

வெளியே போவதும் ஒரு பாடம்தான். அதற்கு முன்னால் சில நாள் வகுப்பறை வேலை வேண்டும், பின்னால் சில நாள் வேலை வேண்டும், நடுவில் அந்த நடை. இப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு மிகப் பொருத்தமான இடம் ஊர் தபால் நிலையம். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஓர் அஞ்சலட்டை எழுதி, தானே பெட்டியில் போட்டு, அது தன் வீட்டுக்கு வந்து சேர்வதைப் பார்க்க வேண்டும். எழுத்து, எண், ஊர் அறிவு மூன்றும் அந்த ஒரே அட்டையில் இருக்கின்றன. எப்படிச் செய்வது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

ஜூனில் வேண்டாம். அப்போது பாதி வகுப்பு அம்மாவைத் தேடி அழுதுகொண்டிருக்கும். அக்டோபர் 9 உலக அஞ்சல் நாள். அன்றைக்கே போகலாம் என்று தோன்றும். ஆனால் அது வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரம், காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குப் பழகும் நேரமும்கூட. என்னைக் கேட்டால் பொங்கலுக்குப் பிறகு, ஜனவரிக் கடைசியோ பிப்ரவரியோ நல்லது. வெயில் ஏறியிருக்காது. பெரும்பாலான பிள்ளைகள் தம் பெயரைப் பார்த்தாவது எழுதத் தொடங்கியிருப்பார்கள்.

நேரம், காலை உணவு முடிந்த பிறகு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. வெறும் வயிற்றோடு பிள்ளைகளை நடத்திப் போகிறோமோ என்ற கவலை அதனால் குறைந்திருக்கிறது. சாப்பிட்டு, கை கழுவி, எல்லோரும் கழிப்பறை போய்வந்த பிறகு கிளம்பினால் மதியச் சத்துணவுக்கு முன் நிதானமாகத் திரும்பிவிடலாம்.

முதலில் நீங்கள் மட்டும் போய்வாருங்கள்

பிள்ளைகளைக் கூட்டிப் போகும் அதே நேரத்தில், அதே வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே சாலையைக் கடக்க வேண்டும், எந்த வீட்டில் நாய் குரைக்கும், மூடாத சாக்கடை எங்கே, நிழல் எங்கே, இவை நடந்தால்தான் தெரியும்.

அலுவலகத்தில் பொறுப்பிலிருப்பவரிடம் நேரில் பேசுங்கள். கிராமத்துக் கிளை அஞ்சலகம் நாள் முழுக்கத் திறந்திருக்காது, நான்கைந்து மணி நேரம்தான். அதிலும் பணம் எடுக்க முதியவர்கள் வரிசையில் நிற்கும் நாட்கள் உண்டு. கூட்டமில்லாத நாள் எது என்று அவரே சொல்வார். அவரிடம் கேட்க வேண்டியவை: வகுப்புக்குப் போதுமான அஞ்சலட்டை இருப்பு உள்ளதா (கிளை அஞ்சலகத்தில் பல நேரம் இருக்காது, முன்னமே சொன்னால் வரவழைத்துத் தருவார்), தேதி முத்திரை குத்துவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா, வெற்றுத்தாளில் ஆளுக்கொரு முத்திரை பதித்துத் தருவாரா, தபால்காரர் எத்தனை மணிக்கு இருப்பார். உரை எதுவும் வேண்டாம் என்பதையும் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். "சார், நீங்க தினமும் செய்ற வேலையைப் பிள்ளைங்க முன்னாடி செஞ்சு காட்டினா போதும்" என்றால் பெரும்பாலும் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வார்கள்.

சாதாரண அஞ்சலட்டை விலை 50 காசு. 25 பிள்ளைகளுக்குப் பன்னிரண்டரை ரூபாய். கூடவே சில அட்டைகள் அதிகம் வாங்குங்கள், ஏன் என்று பின்னால் வரும். இதற்காகப் பெற்றோரிடம் காசு கேட்காதீர்கள்.

ஒப்புதலும் முகவரியும்

தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒப்புதல் வாங்குங்கள். அந்தத் தாளிலேயே வீட்டு முகவரியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் மாலையில் பிள்ளையை அழைத்துப் போக வரும்போது வாயால் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் எனக்கு மிக முக்கியம். எல்லாப் பிள்ளைக்கும் கதவு எண் உள்ள வீடு இருக்காது. புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள், சூளையில் தங்கி வேலை செய்பவர்கள், வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் இருப்பார்கள். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் "உன் வீட்டு அட்ரஸ் என்ன?" என்று கேட்காதீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அட்டை பள்ளி முகவரிக்கே வரட்டும். பெயருக்குக் கீழே "ஒன்றாம் வகுப்பு" என்று போட்டு அனுப்பலாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் பள்ளி முகவரி என்றால் அது தனித்துத் தெரியும். அதனால் இன்னும் சிலரின் அட்டைகளையும் பள்ளிக்கே வரும்படி அமைத்துவிடுங்கள்.

வெளிமாநிலத்திலிருந்து வந்த பிள்ளை இருந்தால், சொந்த ஊரில் இருக்கும் பாட்டிக்கு அனுப்பலாமா என்று பெற்றோரைக் கேளுங்கள். பின்கோட்டில் முதல் இலக்கம் நாட்டின் பகுதியைக் குறிக்கிறது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அது 6. ஒடிசாவுக்கு 7, பீகாருக்கு 8. வகுப்பில் எல்லாருடைய எண்ணும் 6-இல் தொடங்க, ஒரு பிள்ளையின் எண் மட்டும் 7-இல் தொடங்கினால் "ஏன்?" என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும். இவ்வளவு தூரத்திலிருந்து நம் வகுப்புக்கு ஒருவர் வந்திருக்கிறார் என்று பெருமையாகச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

போவதற்கு முந்தைய நாட்கள்

முதல் வேலை பெயர். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெரிய எழுத்தில் பெயர் அட்டை எழுதிக் கொடுங்கள். 247 எழுத்தும் தெரிந்த பிறகுதான் பெயர் எழுத வேண்டும் என்றில்லை. "ஜெயஸ்ரீ"யில் இருக்கும் எழுத்துகளைப் பாடமாக நடத்த இன்னும் நாளாகும், ஆனால் அது தன் பெயர் என்பதால் அந்தப் பிள்ளை அதை ஆர்வமாக வரைந்து பழகிவிடும். மணலில் விரலால், தரையில் சாக்பீஸால், புளியங்கொட்டைகளை அடுக்கி, பிறகு தாழ்ந்த கரும்பலகையில், கடைசியாகத் தாளில் என்று போகட்டும். தொடக்க வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் எழுத்தும் கணக்கும் பழக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகள் கற்றிருக்கும் அளவைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வேலை தருவது உங்களுக்குப் பழகியிருக்கும். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் இருக்கும் ஈராசிரியர் பள்ளிகளில் அந்தப் பிரிவு இங்கேயும் உதவும்: அரும்பில் இருப்பவர் புள்ளிகளின் மேல் பெயரை எழுதட்டும், மொட்டு பார்த்து எழுதட்டும், மலர் பெயரோடு ஒரு வரியும் எழுதட்டும்.

இரண்டாவது, எண். ஊரார் எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே பின்கோடு என்பது உங்களுக்கு வசதி. ஆறு இலக்கத்தையும் ஆறு அட்டையில் எழுதி, ஆறு பிள்ளைகள் ஆளுக்கொன்று பிடித்து வரிசையாக நிற்கட்டும். ஒருவர் இடம் மாறி நின்றால் கடிதம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று சொல்லுங்கள். மற்றவர்கள் கண்டுபிடித்துச் சரிசெய்வார்கள். 6, 9 குழப்பமும் 2, 5-ஐத் திருப்பிப் போடுவதும் இந்த விளையாட்டில் நிறையவே சரியாகின்றன, ஏனென்றால் தவறினால் என்ன ஆகும் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. (பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. இது உங்களுக்கு, பிள்ளைகளுக்கு அல்ல.)

மூன்றாவது, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குச் சிவப்புத் தாள் ஒட்டி, வாய் வெட்டி, வகுப்பு மூலையில் வைப்பது. வெற்றுத்தாளில் படம் வரைந்து நண்பனின் பெயர் எழுதிப் போடலாம். தினம் ஒருவர் தபால்காரர். பெயரை வாசித்துச் சரியான ஆளிடம் சேர்க்க வேண்டும். வாசிப்பதற்கு இதைவிட உண்மையான காரணத்தை நான் ஒன்றாம் வகுப்பில் பார்த்ததில்லை.

நான்காவதாக, கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரே ஒரு கேள்வி: "பெட்டிக்குள்ள விழுந்த கடிதம் அப்புறம் எங்கே போகும்?" சொல்வதை எல்லாம் அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். பூமிக்கு அடியில் குழாய் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லும், பெட்டிக்குள்ளேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று இன்னொன்று சொல்லும். எதையும் திருத்த வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

அட்டை எழுதும் நாள்

இதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். அஞ்சலட்டை 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். அதே அளவில் வெற்றுத்தாள் வெட்டி முதலில் அதில் பழக்குங்கள். முகவரியை நீங்கள் தெளிவாக எழுதிவிடுங்கள், பின்கோட்டுக் கட்டங்களைப் பிள்ளையே நிரப்பட்டும். மறுபக்கம் முழுதும் அவர்களுடையது: படம், பெயர், முடிந்தவர்களுக்கு "அம்மா, நான் எழுதினேன்" போல ஒரு வரி. மெழுகு வண்ணம் நல்லது. ஸ்கெட்ச் பேனா ஈரத்தில் கரையும். இலை, ஜிகினா எதையும் ஒட்ட விடாதீர்கள், வழியில் பிய்ந்துபோகும். தபால்தலை அட்டையிலேயே அச்சாகியிருப்பதால் தனியாக ஒட்ட வேண்டியதில்லை. அஞ்சலட்டையை யாரும் வாசிக்கலாம், அதனால் தொலைபேசி எண் எழுத வேண்டாம். வகுப்பின் பெயரில் பள்ளி முகவரிக்கு ஓர் அட்டையையும் எழுதுங்கள்.

நடை

ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்களைக் கேட்டால் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுங்கள். ஓரடிக்கும் சற்று அதிக இடைவெளியில் முடிச்சுப் போட்ட நீளக் கயிறு ஒன்று எடுத்துக்கொண்டால் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்து நடப்பார்கள். சாலை கடக்கும்போது இதன் பயன் தெரியும். பிள்ளையின் கழுத்தட்டையில் பள்ளித் தொலைபேசி எண் மட்டும் இருக்கட்டும், பெயர் வெளியே தெரிய வேண்டாம். முதலுதவிப் பெட்டி, தண்ணீர், மாற்று உடை ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போதும், அங்கே சேர்ந்ததும், அங்கிருந்து புறப்படும்போதும், வகுப்புக்குள் நுழைந்ததும் எண்ணுங்கள். பிள்ளைகளையே உரக்க எண்ணச் சொல்லுங்கள்.

வழியில் பாடம் நடத்தாதீர்கள். தவிட்டுக்குருவிக் கூட்டத்தைப் பார்த்து நின்றால் நிற்கட்டும். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதத் தெரிந்த அம்மா ஒருவராவது கூட வந்திருப்பார். அதற்கும் சேர்த்துத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

அங்கே

கால்மணி நேரத்திலிருந்து இருபது நிமிடம் போதும். ஆறேழு பேராக உள்ளே அனுப்புங்கள், மற்றவர்கள் வெளியே நிழலில் இருக்கட்டும். பார்க்க வேண்டியவை மூன்று: எடை பார்க்கும் தராசு, தேதி முத்திரை, தபால் பை. முத்திரைதான் எல்லாவற்றையும் வென்றுவிடும். "டக்" என்ற சத்தமும், உடனே தெரியும் இன்றைய தேதியும். கையில் கிடைத்த முத்திரைத் தாளில் எந்த எண்கள் தெரிகின்றன என்று ஒவ்வொருவரும் வாசித்துச் சொல்லட்டும்.

பிறகு அட்டை போடுவது. பெட்டி உயரமாக இருந்தால் தூக்கிவிடுங்கள், ஆனால் அட்டையை விடுவது பிள்ளையின் கையாக இருக்கட்டும். இதில் அவசரப்படுத்த வேண்டாம். போட்ட பிறகு "திருப்பிக் குடு" என்று அழும் பிள்ளையும் உண்டு. அதற்குத்தான் அதிகமாக வாங்கிய அட்டைகளில் ஒன்று.

திரும்பிய பிறகு

அன்று தண்ணீர், சாப்பாடு, தூக்கம். எழுத்து வேலை வேண்டாம். மறுநாள் கரும்பலகையில் இருக்கும் ஊகங்களை ஒவ்வொன்றாக வாசித்து, பார்த்தது என்ன என்று கேளுங்கள். பிறகு படவரிசை: எழுதுவது, பெட்டியில் போடுவது, முத்திரை, பை, வண்டி, தபால்காரர், வீடு. கலைத்துப் போட்டால் குழுவாக அடுக்கி, கதையாகச் சொல்வார்கள். வாய்மொழியாகச் சொல்வது இந்த வகுப்பில் எழுதுவதைவிட ஒரு படி முன்னால் இருக்க வேண்டும். அதற்கு நிறைய நேரம் கொடுங்கள்.

அட்டைகள் ஒரே நாளில் வந்து சேராது. அதையும் கணக்காக்குங்கள். சுவரில் கிழமைகளை எழுதி, அட்டை வந்த பிள்ளை அந்தக் கிழமைக்கு மேல் ஒரு காலித் தீப்பெட்டியை ஒட்டட்டும். எந்தக் கிழமையில் அதிகம், எதில் குறைவு, இன்னும் எத்தனை பேருக்கு வர வேண்டும் என்று தினமும் கேட்கலாம். கூட்டலும் கழித்தலும் தானாக நடக்கும்.

ஓரிரண்டு அட்டை வராமலே போகும். ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க விடாதீர்கள். மீதமுள்ள அட்டையில் அந்தப் பிள்ளையை மறுபடி எழுதச் சொல்லி, இந்த முறை பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள். தபால்காரர் வகுப்பின் பெயருக்கு வந்த அட்டையைக் கொடுக்க வரும்போது கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி, பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். தபால் நிலையம் நடக்க முடியாத தூரத்தில் இருக்கும் ஊர்களில் இந்த வேலையை இந்த முனையிலிருந்தே தொடங்கலாம்: தெருமுனைச் சிவப்புப் பெட்டி வரைக்கும் நடை, அங்கே அட்டை போடுவது, பிறகு தபால்காரரையே முத்திரைத் தாள்களோடு வகுப்புக்கு வரவழைப்பது.