அப்டேட்டுக்கு அப்புறம் மவுஸ் நகரவில்லையா? முதலில் கீபோர்டு பக்கம் வாருங்கள்

போன மாதம் ஒரு ராத்திரி அப்பாவிடமிருந்து போன். "பாப்பா, அப்டேட் முடிஞ்சு கம்ப்யூட்டர் வந்துடுச்சு, ஆனா அம்புக்குறி அசைய மாட்டேங்குது. மவுஸ் போயிடுச்சு, புதுசு வாங்கிடட்டுமா?" என்றார். "வாங்காதீங்கப்பா, அது நல்லாத்தான் இருக்கும்" என்றேன். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மவுஸ், அப்டேட் முடிந்த அதே நேரத்தில் தானாகப் பழுதாவது அபூர்வம். மவுஸை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரோ, ஒரு செட்டிங்கோ மாறியிருக்கும்.

அன்றைக்குப் போனிலேயே இருந்து அவரை ஒவ்வொரு படியாக அழைத்துப் போனேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது செல்லும்.

முதலில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, மவுஸ் மட்டும்தான் பிரச்சினை. விளக்கு மாறவே இல்லையென்றால் மொத்த சிஸ்டமும் உறைந்திருக்கலாம். பவர் பட்டனைச் சுமார் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

அடுத்தது ரீஸ்டார்ட். "அணைச்சுப் போட்டுப் பார்த்தாச்சு" என்றார் அப்பா. ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் செய்தால், சிஸ்டத்தின் ஒரு பகுதியை அப்படியே டிஸ்க்கில் சேமித்து வைத்து அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். டிரைவரில் இருந்த குழப்பமும் அதோடு திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு யூ, பிறகு ஆர். மவுஸே வேண்டாம்.

அதற்கும் மசியவில்லையா? மவுஸை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றுங்கள், நடுவில் ஹப் (ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) எதுவும் இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே நேராக. துளை மாறினால் பெரும்பாலும் விண்டோஸ் அதைப் புது மவுஸாகவே எடுத்துக்கொண்டு டிரைவரை மறுபடி ஏற்றும். வயர்லெஸ் என்றால் பேட்டரியையும் அடியில் இருக்கும் சுவிட்சையும் பாருங்கள். ரிசீவருக்கு (வயர்லெஸ் மவுஸுக்காகக் கம்ப்யூட்டரில் செருகும் குட்டித் துண்டு) பக்கத்துத் துளையில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருந்தால் தள்ளி வையுங்கள். அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். இதற்கும் அப்டேட்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் பழியை அப்டேட்தான் சுமக்கும். முடிந்தால் அதே மவுஸை இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் ஓடாவிட்டால் மட்டும் புதிது வாங்கும் பேச்சை எடுக்கலாம்.

தற்காலிகமாக ஒரு அம்புக்குறி வேண்டுமென்றால் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் (Num Lock) மூன்றையும் ஒன்றாக அழுத்தி, கேள்வி வந்ததும் என்டர் கொடுங்கள். வலப்பக்க எண் கீகளில் 8, 2, 4, 6 அம்புக்குறியை நகர்த்தும், 5 கிளிக் செய்யும். மெதுவாகத்தான் போகும், ஆனாலும் வேலை ஆகும்.

இனி டிவைஸ் மேனேஜர், அதாவது கம்ப்யூட்டரில் உள்ள சாதனங்களின் பட்டியல். விண்டோஸ் கீயும் எக்ஸும், பிறகு எம். டேப் தட்டிப் பட்டியலுக்குள் போய், கீழ் அம்பால் 'மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ்' வரிக்கு வந்து, வலது அம்பால் விரியுங்கள். இங்கே தெரிவதை வைத்துத்தான் அடுத்த அடி. மவுஸ் பெயரே இல்லையென்றால் கம்ப்யூட்டர் அதைப் பார்க்கவே இல்லை. திரும்பவும் துளை, வயர், ரிசீவர். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் கோளாறு. அந்த வரியில் என்டர் தட்டி, கன்ட்ரோல் டேப்பால் டிரைவர் பக்கத்துக்குப் போய், பழைய டிரைவருக்கே திரும்பும் ரோல் பேக் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மவுஸுக்கு அது பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும். அப்போது வெளியே வந்து, அதே வரியில் ஷிஃப்ட் எஃப்10 தட்டி, அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிரைவர் தானாகத் திரும்ப ஏறிவிடும்.

தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். மவுஸ் வரியைத் தவிர வேறு எதையும் நீக்காதீர்கள். யூஎஸ்பி கன்ட்ரோலர் பகுதியில் கை வைத்தால் அதில் தொங்கும் கீபோர்டும் சேர்ந்து நின்றுவிடும். பிறகு பவர் பட்டனைத் தவிர உங்களிடம் எதுவும் மிஞ்சாது. அப்பாவிடம் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, சரிதான் என்று தெரிந்த பிறகே என்டர் தட்ட விட்டேன்.

அன்று மவுஸ் வந்துவிட்டது. மறுநாள் மறுபடி போன். "எப்ப நிக்குதுப்பா?" என்று கேட்டேன். "நான் எழுந்து போய் அரை மணி கழிச்சு வந்து உட்கார்ந்தா நிக்குது" என்றார். அதுதான் துப்பு. சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த யூஎஸ்பியை அணைத்து வைக்கும் செட்டிங் அது. டிவைஸ் மேனேஜரின் கடைசிப் பகுதியில் யூஎஸ்பி ரூட் ஹப் வரியில் என்டர் தட்டி, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், இந்தச் சாதனத்தை அணைக்கக் கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும் டிக்கை ஸ்பேஸ் பாரால் எடுத்தார். ஒன்றுக்கு மேல் ரூட் ஹப் இருந்தால் எல்லாவற்றிலும் எடுக்க வேண்டும். நீக்கக் கூடாது, டிக் மட்டும்தான். அதற்குப் பிறகு மவுஸ் நிற்கவில்லை.

இவ்வளவும் செய்து பலனில்லை என்றால் அப்டேட்டையே எடுத்துவிடலாம். விண்டோஸ் கீயும் ஐயும் அழுத்தி செட்டிங்ஸ், அதில் விண்டோஸ் அப்டேட் (விண்டோஸ் 10 என்றால் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும்), அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். பெரிய பதிப்பே மாறியிருந்தால் ரிகவரியில் பழைய பதிப்புக்குத் திரும்பும் கோ பேக் இருக்கும், ஆனால் வழக்கமாக 10 நாள் வரைதான். எடுத்து முடித்த கையோடு அப்டேட் பக்கத்தில் பாஸ் (Pause) கொடுத்து ஒரு வாரமாவது நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அதே அப்டேட் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.