பெடல் ஸ்டீல் கிட்டாரை ரசிக்க, இடது காலிலிருந்து தொடங்குங்கள்

கொடைக்கானலில் எனக்குத் தெரிந்து கண்ட்ரி பாட்டு (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை) கேட்கிற பெரியவர்கள் பலரும் ஜிம் ரீவ்ஸில் தொடங்கியவர்கள். அருமையான குரல்தான், ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பெடல் ஸ்டீல் கிட்டார் தப்பிப்போகும். 1950களின் கடைசியில், கண்ட்ரி இசையின் மையமான அமெரிக்க நகரம் நாஷ்வில்லில், நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஓரங்கட்டிவிட்டு வயலின் கூட்டத்தையும் பின்னணிக் கோரஸையும் கொண்டுவந்தார்கள். ரீவ்ஸின் பிரபலமான பாட்டுகள் பெரும்பாலும் அந்தப் பாணி. ஸ்டீல் வாசிப்பின் அழகைத் தெரிந்துகொள்ள வேறு பக்கம் போகவேண்டும்.

முதலில் வீடியோவாகப் பாருங்கள், ஆடியோ அப்புறம். மேசை மாதிரி நாலு காலில் நிற்கிற கருவி, பெரும்பாலும் பத்துத் தந்தி. வலது கை விரல்களில் பிக் மாட்டி மீட்டுகிறார், இடது கையில் ஒரு கனமான எஃகு உருளையைத் தந்திமேல் வழுக்கவிடுகிறார். எல்லாரும் இந்தக் கைகளைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள். இடது பாதம் மூன்று பெடல்களில் மாறி மாறி அழுத்துகிறது, இரண்டு முழங்கால்களும் பக்கவாட்டு லீவர்களைத் தள்ளுகின்றன, வலது பாதம் ஒலி அளவைப் பார்த்துக்கொள்கிறது. இத்தனையும் ஒரே நேரத்தில், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்!

இனி காதுக்கு வேலை. சித்திரவீணை கேட்டவர்களுக்கு இந்த வழுக்கல் புதிதாக இருக்காது, ஆனால் அங்கே தந்திமேல் வழுக்குகிற கட்டை நகர்ந்தால் அதற்கடியில் இருக்கும் தந்திகள் எல்லாம் சேர்ந்தே நகரும். பெடல் ஸ்டீலில் ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்க, பக்கத்தில் இன்னொன்று மட்டும் மெல்ல ஏறிப்போய் அதோடு இணையும். கண்ட்ரி பாட்டில் வழக்கமாக வைக்கும் சுருதியில் முதல் இரண்டு பெடல்களையும் சேர்த்து மிதித்தால் பி என்ற மேற்கத்திய ஸ்வரம் சி ஷார்ப்புக்கும், ஜி ஷார்ப் ஏ-வுக்கும் ஏறும், ஈ அப்படியே நிற்கும். உருளை இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை, ஆனால் ஈ மேஜர் கார்டு (சேர்ந்தே ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஏ மேஜராகிவிட்டது. இந்த மாற்றத்தை ஒரு தடவை காது பிடித்துக்கொண்டால் போதும், அப்புறம் எந்தப் பாட்டில் வந்தாலும் தெரிந்துவிடும்.

இதற்கு வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' நல்ல தொடக்கம், 1954ஆம் ஆண்டுப் பாட்டு. பெடல் அதற்கு முன்பே இருந்தது, ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவத்தான் அதை வைத்திருந்தார்கள். ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் அந்தப் பாட்டில் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். அதைக் கேட்ட மற்ற ஸ்டீல் வாசிப்பவர்கள் தங்கள் கருவியிலும் பெடல் பொருத்த ஓடினார்கள்.

அடுத்தது வலது கால், என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான். மீட்டிய ஒலி இயல்பாகவே தேய்ந்துகொண்டு போகும். கைதேர்ந்தவர் மீட்டும்போது ஒலி அளவுப் பெடலைப் பாதிதான் அழுத்தியிருப்பார், ஒலி தேயத் தேய அதே அளவுக்கு மிதித்துக்கொண்டே போவார், நமக்கோ ஒரே மூச்சில் யாரோ பாடுகிற மாதிரி இருக்கும். இதைக் கேட்க அமைதி வேண்டும். ஐப்பசி மழையில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் ஒன்றும் கேட்காது, வத்தலக்குண்டு பஸ்ஸில் மலை இறங்கும்போது அதைவிட மோசம். தை மாதத்துப் பனி இரவு, சீசன் கூட்டமும் ஹாரனும் இல்லாத நேரம், நல்ல ஹெட்ஃபோன், இது போதும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இருப்பவர்கள் சிக்னலை நம்பாமல் முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

வேகமாக வாசிப்பதைப் பார்த்து உடனே மயங்கவேண்டாம் என்பது என் கருத்து. மெதுவான பாட்டில்தான் ஆள் யாரென்று தெரியும். சாதாரண கிட்டாரில் ஸ்வர இடத்தைக் காட்டும் மேடான கம்பிதான் பிரெட், இந்தக் கருவியில் அது வெறும் கோடு, விரலுக்குத் தடுப்பாக எதுவும் கிடையாது. உருளை ஒரு மயிரிழை தள்ளிப்போனால் கார்டு முழுவதும் சுருதி விலகும், மெதுவான பாட்டில் அதை மறைக்க வழியே இல்லை. பக் ஓவன்ஸின் 'டுகெதர் எகெய்ன்' (1964) பாட்டில் டாம் பிரம்லி வாசிக்கும் தனி இடத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அவசரம் கொஞ்சமும் இல்லை, ஒவ்வொரு ஸ்வரமும் போய்ச் சேரவேண்டிய இடத்தில் துல்லியமாகச் சேர்கிறது.

பாடகர் பாடும்போது ஸ்டீல் வாசிப்பவர் என்ன செய்கிறார் என்பதையும் கவனியுங்கள். கச்சேரியில் நல்ல பக்கவாத்திய வயலின்காரர் எப்படிப் பாடகர் மூச்சு விடுகிற இடத்துக்காகக் காத்திருப்பாரோ அப்படித்தான் இதுவும். வரி முடிகிற இடத்தில் நாலைந்து ஸ்வரம், அடுத்த வரி தொடங்குவதற்குள் ஒதுங்கிவிடுவார். எந்த வரிக்குப் பின் வாசிக்காமல் விட்டார் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள், அவருடைய ரசனை பிடிபடும்.

சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டி, ஒன்றை அசையாமல் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் விரலால் வளைத்து ஒரு முழு ஸ்வரம் ஏற்றுங்கள். சுருதி சேருகிறதா பாருங்கள். அப்புறம் போய் பட்டி எமன்ஸைக் கேளுங்கள் (1937–2015). ஷாட் ஜாக்சனோடு சேர்ந்து ஷோ-பட் என்ற பெயரில் இந்தக் கருவியைச் செய்ய ஆரம்பித்தவர், இன்று கண்ட்ரி பாட்டுக்குப் பெரும்பாலானவர்கள் வைத்துக்கொள்கிற பத்துத் தந்தி அமைப்பில் இரண்டு தந்திகள் அவர் சேர்த்தவை. அவருக்குப் பிறகு லாய்டு கிரீன், அதற்கடுத்து பால் ஃபிராங்க்ளின். இந்த வரிசையிலேயே கேளுங்கள்.